போர்ஷே 996: என்ஜின் கீழே இறங்கியிருக்கும்போதே முடிக்க வேண்டிய தடுப்புப் பராமரிப்பு – முழுமையான வழிகாட்டி

நீரால் குளிரும் என்ஜினுடன் வந்த முதல் போர்ஷே 911, 1997இல் அறிமுகமான 996 வகையாகும். அதன் கரேரா மாதிரிகளில் முதலில் 3.4 லிட்டர், பின்னர் 2002 மாதிரி ஆண்டிலிருந்து 3.6 லிட்டர் என்று எம்96 வகை என்ஜின் பொருத்தப்பட்டது. அடுத்து வந்த 997இன் முதல் கட்டக் கார்களிலும் 2008 வரை இதே குடும்பத்து என்ஜின்களே (எம்96, எம்97) இருந்தன. ஆறு சிலிண்டர்கள் பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும் இந்த என்ஜின், பின் அச்சுக்கும் பின்னால், உடற்கூட்டின் இறுக்கமான ஒரு பள்ளத்தில் தொங்குகிறது. அதனால் அதன் முக்கியமான பாகங்களில் பாதிக்கு மேலானவற்றை, மூடியைத் திறந்து மேலிருந்து பார்க்கவும் முடியாது, காருக்கு அடியில் படுத்துத் தொடவும் முடியாது. கிளட்ச் தேய்ந்தோ, எண்ணெய் கசிந்தோ, எக்ஸாஸ்ட் போல்ட் முறிந்தோ ஏதாவது ஒரு காரணத்துக்காக என்ஜினைக் கீழே இறக்கிவிட்டால், கூலியில் பெரும்பகுதி அந்த இறக்கி ஏற்றும் வேலைக்கே போய்விடுகிறது. அந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுக்காமல் இருக்க எவற்றைச் செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

எதைச் செய்வது, எதை விடுவது என்பதைப் பாகத்தின் விலையை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். இது கெட்டால் மறுபடியும் என்ஜினை இறக்க வேண்டி வருமா? இது கெட்டால் என்ஜினையே அழித்துவிடுமா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும், அந்தப் பாகம் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும், நல்ல நிலையில் இருப்பதுபோல் தோன்றினாலும், இப்போதே மாற்றிவிடுவதே சிக்கனம். இரண்டுக்கும் இல்லை என்றால், அதை விட்டுவிடலாம். இந்த அளவுகோல் இல்லாமல் வேலையைத் தொடங்குகிறவர்கள், கழற்றியது கழற்றியாயிற்று என்று பளபளப்பான பாகங்களில் பணத்தைக் கொட்டிவிட்டு, ஆறு ஓ-ரிங்குகளை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

இறக்குவதற்கு முன்: கார் ஓடும் நிலையில் செய்ய வேண்டியவை

என்ஜின் கீழே வந்த பிறகு அதை ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால், ஓடும்போது மட்டுமே கிடைக்கும் தகவல்களை முதலில் சேகரித்துக்கொள்ள வேண்டும். கண்டறியும் கருவியை இணைத்து, பிழைக் குறியீடுகளையும் இரு பக்கக் கேம்ஷாஃப்டுகள் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகள்) சரியான நிலையிலிருந்து விலகியிருக்கும் அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த விலகல் கூட்டல் கழித்தல் 6 டிகிரிக்குள், ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். எண் எல்லையைத் தாண்டினாலோ, ஐட்லிங்கில் தொடர்ந்து அலைந்தாலோ, கேம்ஷாஃப்டுகளை இயக்கும் சங்கிலி, அதன் வழிகாட்டிப் பட்டைகள், அந்தச் சங்கிலியைச் சுழற்றும் இடைத்தண்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்று தேய்கிறது என்று பொருள்.

இரண்டாவதாக, ஆயில் ஊற்றும் வாயில் ஒரு மானோமீட்டரை இணைத்து, கிராங்க் அறையின் உறிஞ்சு அழுத்தத்தை அளக்க வேண்டும். நீர்மட்ட அளவில் 5 அங்குலத்தை ஒட்டி இருந்தால் நன்று. அதைவிட வெகுவாக உயர்ந்திருந்தால் ஏர்-ஆயில் செபரேட்டரின் (கிராங்க் அறைக் காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் பாகம்) உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. மூன்றாவதாக, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது எழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும், வேகத்துக்கேற்பத் 'தட் தட்' என்று வரும் ஓசை, வால்வு லிஃப்டராகவும் இருக்கலாம், சிலிண்டர் சுவரில் பிஸ்டன் உரசுவதாகவும் இருக்கலாம். எது என்பது பின்னால் தெரியும். எந்தப் பக்கம் என்பதை இப்போதே எழுதிவைக்க வேண்டும். கூலன்ட் வெப்பம், சூடான ஐட்லிங்கில் ஆயில் அழுத்தம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டால், வேலை முடிந்த பின் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

இறக்குதல்

996இல் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகக் கீழ்நோக்கி இறக்குவது வழக்கம். முன்புறப் பெட்டியில் இருக்கும் பேட்டரியைத் துண்டிப்பதில் தொடங்கி, எரிபொருள் அழுத்தத்தைத் தணித்து, ஆயிலையும் கூலன்டையும் வடித்து, பின் பம்பர், சைலன்சர்கள், அடிப்பக்க மறைப்புத் தகடுகள், குறுக்குத் தாங்கிகள் ஆகியவற்றை எடுக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்டுகளைக் கியர்பாக்ஸ் முனையில் கழற்றி, மூட்டுகளைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டித் தொங்கவிட வேண்டும். கியர் கேபிள்களையும் விடுவிக்க வேண்டும். கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டரை அதன் குழாயோடு சேர்த்தே ஒதுக்கிவைக்கலாம். ஏ.சி. கம்ப்ரஸரையும் வாயுவை வெளியேற்றாமல், குழாய்களோடு காரின் பக்கமே கட்டி வைத்துவிட முடியும், ஏ.சி. வாயுவைக் காலி செய்து மறுபடி நிரப்பும் செலவு இதனால் மிச்சமாகும்.

இரண்டு தூண் லிஃப்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. காரின் கனமான பகுதி பின்னால்தான் இருந்தது. இருநூறு கிலோவுக்கும் மேற்பட்ட அந்த எடை, கியர்பாக்ஸோடு சேர்ந்து விலகிய கணத்தில், காரின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகர்ந்துவிடும். மூக்குப் பகுதியைத் தாங்கியால் முட்டுக் கொடுத்தோ, உடற்கூட்டை லிஃப்ட் கரங்களோடு பட்டையால் இறுக்கிக் கட்டியோ வைத்த பிறகே தாங்கும் போல்டுகளைத் தளர்த்த வேண்டும். இறக்கும்போது ஒருவர் என்ஜினைத் தாங்கி இறக்கும் மேசையைக் கவனிக்க, மற்றொருவர் என்ஜினைச் சுற்றி வந்து, கழற்ற மறந்த ஒயரோ ஹோஸோ இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் வெற்றிடக் குழாயும் ஹீட்டர் ஹோஸ்களும் இப்படி அடிக்கடி மறக்கப்படுபவை.

கழுவுவதற்கு முன் பார்த்தல்

இறங்கிய என்ஜினைக் கண்டதும் உடனே கழுவிச் சுத்தம் செய்யத் தோன்றும். அதைச் சற்றுத் தள்ளிப்போட வேண்டும். அழுக்குதான் கசிவின் வழியைக் காட்டும் ஒரே சாட்சி. கியர்பாக்ஸைப் பிரித்த உடனே, பெல் ஹவுசிங்கின் உட்புறம், ஃப்ளைவீலின் பின்புறம், இரு பக்க கேம்ஷாஃப்ட் மூடிகளின் கீழ் விளிம்பு, ஸ்பார்க் பிளக் துளைகள், வாட்டர் பம்ப்பின் அடிப்புறம் என்று எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்புப் படிவமாக நிற்கும். ஆயில் கருமையான ஈர மண்ணாகப் படியும்.

பெல் ஹவுசிங்கில் எண்ணெய் இருந்தாலே கிராங்க்ஷாஃப்டின் பின் சீல்தான் குற்றவாளி என்று முடிவு கட்டும் வழக்கம் உண்டு. அதே இடத்துக்கு இடைத்தண்டின் மூடித் தகட்டிலிருந்தும், கிராங்க் அறையின் இணைப்புக் கோட்டிலிருந்தும், ஏன், மேலே செபரேட்டரிலிருந்தும்கூட எண்ணெய் வழிந்து வரும். படங்களை எடுத்துவிட்டுக் கழுவினால், புதிய சீல் போட்ட பிறகும் கசிகிறதே என்று திகைக்க வேண்டியிருக்காது.

ஆயில் ஃபில்டர், சம்ப், சிலிண்டர் சுவர்கள்

பாகங்களை ஆர்டர் செய்வதற்கு முன்பே இந்தக் கட்டத்தை முடிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், இங்கே கிடைக்கும் விடை சாதகமாக இல்லாவிட்டால், பட்டியலில் உள்ள மற்ற எல்லாச் செலவும் பொருளற்றுப்போகும்.

ஃபில்டரின் காகித மடிப்புகளை வெட்டி எடுத்து, எண்ணெயைப் பிழிந்துவிட்டு, விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான துகள்கள் எஃகு. அவை பேரிங்கிலிருந்தோ சங்கிலியிலிருந்தோ வந்தவை. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி நிறத் தூள் அலுமினியம். சிலிண்டர் சுவர், பிஸ்டன், சிலிண்டர் ஹெட் ஆகியவற்றை அது சுட்டும். பழுப்பு நிற பிளாஸ்டிக் சில்லுகள் சங்கிலி வழிகாட்டிப் பட்டைகளின் தேய்மானம். ஒரு பழைய என்ஜினில் இவற்றில் சில தென்படுவது இயல்பே. எஃகுத் துகள்கள் எண்ணத்தக்க அளவில் இருந்தால் அது இயல்பு அல்ல; அங்கேயே வேலையை நிறுத்திவிட்டு, என்ஜினை முழுவதுமாகப் பிரிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்து சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் பகுதி) தகட்டைக் கழற்றி, அடியில் தங்கிய கசடையும், ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையையும் பார்க்க வேண்டும். தகடு திறந்திருக்கும்போதே, வளைந்த முனையுள்ள சிறு கேமராவைக் கீழிருந்து செலுத்தி, ஒவ்வொரு பிஸ்டனையும் மேலே கொண்டுபோய், சிலிண்டர் சுவரின் கீழ்ப்பகுதியை ஆராய வேண்டும். எம்96, எம்97 என்ஜின்களின் சுவர்கள் லோகாசில் எனப்படும், சிலிக்கான் கலந்த அலுமினியப் பரப்பு கொண்டவை. அந்தப் பரப்பு உதிரத் தொடங்கினால் பிஸ்டன் நேராகச் சுவரை உழுதுவிடும். 3.6, 3.8 லிட்டர் என்ஜின்களில் இது அதிகம் பேசப்படுகிறது. இரண்டாம் வரிசைச் சிலிண்டர்கள் (நான்கு முதல் ஆறு வரை), குறிப்பாக ஆறாவது, முதலில் பாதிக்கப்படுகின்றன. ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்ப்பது மட்டும் போதாது. கீறல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் தொடங்குவதால் மேலிருந்து பார்க்கும்போது சுவர் நன்றாகவே தெரியும். மெல்லிய நேர்க்கோடுகள் கவலைக்குரியவை அல்ல. விரல் அகலத்தில் மங்கிய, சொரசொரப்பான பட்டை தெரிந்தால், அந்த என்ஜினுக்குப் புதிய கிளட்சும் புதிய பேரிங்கும் வாங்குவது வீண்செலவு.

சம்ப் தகட்டை மூடும்போது சீலன்ட்டை மெல்லிய கோடாகவே இட வேண்டும். உள்பக்கம் பிதுங்கும் சீலன்ட் நாளடைவில் நூலாக உரிந்து, நேராக உறிஞ்சுக் குழாயின் வலைக்குப் போய்ச் சேரும்.

இடைத்தண்டு பேரிங்

இந்த என்ஜினின் பெயரோடு ஒட்டிக்கொண்ட குறை இதுவே. கிராங்க்ஷாஃப்டிலிருந்து ஒரு சங்கிலி, என்ஜினின் அடியில் ஓடும் இடைத்தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டிலிருந்து புறப்படும் சங்கிலிகள் இருபுறக் கேம்ஷாஃப்டுகளையும் இயக்குகின்றன. தண்டின் ஒரு முனை, அழுத்தத்தில் வரும் ஆயிலில் மிதக்கும் சாதாரணப் புஷ்ஷில் சுழல்கிறது. அதில் சிக்கல் இல்லை. ஃப்ளைவீல் பக்க முனையிலோ, கிரீஸ் அடைத்து இருபுறமும் சீல் வைத்த பால் பேரிங் ஒன்று இருக்கிறது. வெப்பத்திலும் காலத்திலும் அந்த சீல் கெட, என்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. ஆனால் உள்ளே புகுந்த ஆயில் புதுப்பிக்கப்படுவதில்லை. பேரிங் சிதைந்தால் தண்டு ஆடும், சங்கிலி தாவும், வால்வுகளும் பிஸ்டன்களும் மோதும். அமெரிக்காவில் இது கூட்டு வழக்காகி, 2001 முதல் 2005 வரையிலான மாதிரிகளில் ஒரு பகுதிக்கு 2013இல் சமரசத் தீர்வு ஏற்பட்டது.

பேரிங் மூன்று வகைப்படும். தொடக்கக் கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்டது. இது ஒப்பீட்டளவில் உறுதியானது. 2000–2001 வாக்கில் தொடங்கி 2005 வரை ஒற்றை வரிசை; அதிகம் சிதைவது இதுவே. அதற்குப் பிறகு வந்த பெரிய பேரிங், கிராங்க் அறையின் துளையைவிட அகலமானது என்பதால் அறையைப் பிளக்காமல் வெளியே எடுக்கவே முடியாது. ஆண்டை வைத்து வகையை ஊகிப்பது சரிவராது. இடைக்காலத்தில் இரண்டும் கலந்தே பொருத்தப்பட்டன, பிற்பாடு மாற்றப்பட்ட என்ஜின்களும் உண்டு. ஃப்ளைவீலை எடுத்து மூடித் தகட்டைப் பார்த்த பிறகே பேரிங்கை வாங்க வேண்டும். மைய நட்டு 22 மில்லிமீட்டர் அளவில் பெரிதாக இருந்தால் அது கழற்ற முடியாத பெரிய வகை. அதில் செய்யக்கூடியது, மூடித் தகட்டை எடுத்துவிட்டு, வெளிப்புற சீலை மட்டும் கவனமாக நெம்பி அகற்றி, என்ஜின் ஆயில் தாராளமாக உள்ளே வந்துபோக வழிவிடுவதுதான்.

கழற்றக்கூடிய வகைகளில் வேலையின் வரிசை மிக முக்கியம். கிராங்க்ஷாஃப்டை முதல் சிலிண்டரின் உச்ச நிலைக்குக் கொண்டுவந்து, புல்லியின் துளை வழியாக ஊசியிட்டுப் பூட்ட வேண்டும். கேம்ஷாஃப்டுகளின் முனையில் உள்ள பச்சை நிற மூடிகளை எடுத்து, காடிகள் சரியான நிலையில் நிற்கின்றனவா என்று பார்த்து, அந்தந்த என்ஜின் வகைக்குரிய கருவியால் அவற்றைப் பிடித்துவைக்க வேண்டும். அதன் பின்னரே சங்கிலிகளை இறுக்கிவைக்கும் டென்ஷனர்களைத் தளர்த்த வேண்டும். அதற்கும் பின்னரே மூடித் தகட்டின் மூன்று போல்டுகளைத் தொட வேண்டும். டென்ஷனர் அழுத்திக்கொண்டிருக்கும்போதே தகட்டை எடுத்தால் தண்டு ஒருபக்கம் சாய்ந்து, சங்கிலி பல் தாவி, நல்ல என்ஜினைக் கையாலேயே கெடுத்ததாகிவிடும். பழைய பேரிங்கை இழுப்புக் கருவியால் மட்டும் எடுக்க வேண்டும்; சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. புதிய போல்டுகள், புதிய தகட்டு சீல், டென்ஷனர்களுக்குப் புதிய வாஷர்கள் ஆகியவை கட்டாயம்.

எடுத்த பேரிங்கைக் கையில் சுழற்றிப் பார்ப்பதும் சோதனையின் ஒரு பகுதி. அது இழையாகச் சுழன்றால் தக்க நேரத்தில் மாற்றியாயிற்று. சொரசொரத்தாலோ, குண்டுகளில் குழிகள் தெரிந்தாலோ, துகள்கள் ஏற்கெனவே ஆயிலில் சுற்றியிருக்கின்றன. மேலே சொன்ன ஃபில்டர் சோதனையை இன்னொரு முறை கறாராகச் செய்ய வேண்டும். மாற்றாகக் கிடைப்பவற்றில் பீங்கான் குண்டுகள் கொண்ட பேரிங்கும் உண்டு, அழுத்தத்தில் ஆயில் பாயும் சாதாரண புஷ் அமைப்பும் உண்டு. முதலாவதை உற்பத்தியாளர் சொல்லும் காலக்கெடுவில் மறுபடி மாற்ற வேண்டும். காரை நீண்டகாலம் வைத்திருக்க எண்ணுபவருக்கு இரண்டாவதே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் அதற்குப் பாயும் ஆயில் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால், துகள் கண்ட என்ஜினில் அதைப் பொருத்துவது தவறு.

கிராங்க்ஷாஃப்டின் பின் சீல்

அதே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், கசியாவிட்டாலும் மாற்ற வேண்டும். பிற்காலத்தில் வந்த டெஃப்லான் விளிம்புள்ள சீலையே வாங்க வேண்டும். அதன் விளிம்பில் ஆயிலோ கிரீஸோ தடவக் கூடாது. தண்டின் பரப்பையும் துடைத்து உலர்த்தி, காய்ந்த நிலையிலேயே பொருத்த வேண்டும். பழைய ரப்பர் சீல்களில் ஊறிய கை, பழக்கத்தில் ஆயிலைத் தடவிவிடும். சீல் அமர வேண்டிய ஆழம் துல்லியமானது. விளிம்போடு சமமாகத் தட்டி விடுவது சரியல்ல. தொழிற்சாலைக் கருவியோ அதற்கு இணையானதோ இல்லாமல் இதில் இறங்காமல் இருப்பது நல்லது. பழைய சீலை நெம்பும்போது தண்டின் பரப்பில் கீறல் விழுந்தால், எந்தப் புதிய சீலும் அதை அடைக்காது.

கிளட்ச், ஃப்ளைவீல்

கிளட்ச் தட்டில் பாதி ஆயுள் மீதியிருந்தாலும் மாற்றுவதே முறை. தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றோடு, வழிகாட்டிக் குழாய், ஃபோர்க், அது ஊன்றி நிற்கும் பிளாஸ்டிக் புஷ், பைலட் பேரிங் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளட்ச் மிதியில் கிரீச்சிடும் ஓசைக்குப் பெரும்பாலும் அந்தச் சிறிய புஷ்ஷே காரணம். கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு சீலையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

இரட்டை எடை ஃப்ளைவீல் விலை உயர்ந்தது. அதைக் கண்மூடித்தனமாக மாற்றத் தேவையில்லை. இரு பாதிகளையும் எதிரெதிராகத் திருப்பினால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு உணரப்பட்டு, விட்டதும் திரும்ப வேண்டும். முன்பின்னாக அசைத்தால் ஆட்டம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கிரீஸ் வழிந்திருந்தாலோ, நீலம் பாரித்த வெப்பத் தடங்கள் இருந்தாலோ மாற்ற வேண்டும். எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீலைப் பொருத்தி என்ஜினைத் துடிப்பாக்கலாம் என்ற ஆசை இந்தக் கட்டத்தில் பலருக்கும் வருகிறது. எம்96இன் கிராங்க் புல்லியில் அதிர்வு தணிப்பான் கிடையாது. கிராங்க்ஷாஃப்டின் முறுக்கு அதிர்வுகளை வாங்கிக்கொள்வது இந்த இரட்டை எடை ஃப்ளைவீல்தான். அதை எடுத்துவிட்டால் அந்த அதிர்வு கிராங்க்ஷாஃப்டுக்கே போகும். தெருவில் ஓட்டும் காருக்கு அது தேவையில்லாத ஆபத்து. ஃப்ளைவீல் போல்டுகள் நீட்சி வகை. ஒருமுறை இறுக்கியவற்றைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

மேற்புறம்

ஏர்-ஆயில் செபரேட்டரை, மானோமீட்டர் நல்ல அளவைக் காட்டியிருந்தாலும், தயங்காமல் மாற்ற வேண்டும். என்ஜின் காரில் இருக்கும்போது இதை மாற்றுவது, கண்ணுக்குத் தெரியாத போல்டுகளை விரல் நுனியால் தேடும் வேலை. இப்போது அரை மணி நேரத்தில் முடியும். சவ்வு கிழிந்தால் கிராங்க் அறையின் ஆயில் உறிஞ்சப்பட்டு இன்டேக் குழாய்க்குள் போகும். பின்னால் வெள்ளைப் புகை மேகமாக எழும். மிகுதியான ஆயில் சிலிண்டருக்குள் தேங்கினால் கனெக்டிங் ராடே வளையக்கூடும். செபரேட்டரோடு இணைந்த நெளிவுக் குழாய்களும் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைவதால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிய நிலையில், நாக் சென்சார்களின் ஒயர்கள், சிறு வெற்றிடக் குழாய்கள், இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகள், ஆயில் கூலரின் அடியிலுள்ள சீல்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். த்ராட்டில் உடலைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை.

ஸ்டார்ட்டர் மோட்டாரிலிருந்து ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் தடித்த கேபிளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். அதன் முனைகளில் உட்புறமாக அரிப்பு ஏற்பட்டு மின்தடை கூடுகிறது. அப்போது சூடான என்ஜின் சோம்பலாகச் சுழலும், பேட்டரிக்கு மின்னேற்றமும் குறையும். இந்த அறிகுறிக்காக நல்ல ஸ்டார்ட்டரையும் நல்ல ஆல்டர்னேட்டரையும் மாற்றுகிறவர்கள் உண்டு. கேபிள் மட்டும் மாற்றினால் போதும். அதற்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது.

ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் அமரும் பிளாஸ்டிக் குழாயில் உள்ளும் புறமுமாக ஓ-ரிங்குகள் இறுகி, பிளக் துளையில் ஆயில் தேங்கும். குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் பிளக்குகளையும் ஒருங்கே மாற்றி, இக்னிஷன் காயில்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேரிங் வேலைக்காக எடுத்த பச்சை மூடிகளைத் திரும்பப் போடாமல் புதியவற்றையே அடிக்க வேண்டும்.

3.4 லிட்டர் என்ஜினில் ஒவ்வொரு பக்கத்திலும் இரு கேம்ஷாஃப்டுகளுக்கும் இடையே ஓடும் சிறு சங்கிலிகளுக்குப் பிளாஸ்டிக் பட்டைகள் உண்டு. ஃபில்டரில் பழுப்புச் சில்லுகள் மிகுதியாகக் கண்டிருந்தாலோ, கேம் விலகல் எல்லையைத் தொட்டிருந்தாலோ மட்டும் கேம் மூடியைத் திறந்து அவற்றை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் திறக்கக் கூடாது: மூடி கேஸ்கெட் இல்லாமல் சீலன்ட்டாலேயே அடைக்கப்பட்டிருக்கிறது, திறப்பதற்குக் கேம்ஷாஃப்டுகளைப் பிடித்துவைக்கும் கருவிகளும் வேண்டும். கசியாத மூடியைத் திறந்து, கசியும் மூடியாக்கிக்கொள்வதே அதில் பெரும்பாலும் கிடைக்கும் பலன்.

குளிர்விப்பு

வாட்டர் பம்ப்பின் விசிறி பிளாஸ்டிக்கால் ஆனது. பேரிங்கில் ஆட்டம் வந்தால் அதன் இறகுகள் முறிந்து, துண்டுகள் என்ஜினின் நீர்வழிகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். எனவே பம்ப்பையும் தெர்மோஸ்டாட்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். பழைய பம்ப்பில் இறகு குறைந்திருந்தால் அத்தனை துண்டுகளையும் தேடி எடுக்கும்வரை மூடக் கூடாது. உலோக விசிறி கொண்ட பம்ப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளாஸ்டிக் இறகு முறிந்து போகும் இடத்தில், உலோக இறகு என்ஜின் உடலையே சுரண்டிவிடும். அந்தப் பள்ளத்தைச் சரிசெய்ய வழியில்லை. சற்றுக் குறைந்த வெப்பத்தில், ஏறத்தாழ 71 டிகிரியில், திறக்கும் தெர்மோஸ்டாட் வெப்பநாட்டு ஓட்டுநர்களுக்கு நியாயமான தேர்வு.

கூலன்ட் தொட்டியில் வெடிப்பு தேடுவதைவிட, அசல் தொட்டியாக இருந்தால் மாற்றிவிடலாம். ரப்பர் ஹோஸ்களைக் கிள்ளிப் பார்த்து, முனைகள் உப்பியிருப்பவற்றை ஒதுக்க வேண்டும். பெல்ட், அதன் உருளைகள் ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றாலும், விலை குறைவென்பதால் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

டர்போ, ஜிடி3 வைத்திருப்பவர்களுக்கு

996 டர்போவிலும் ஜிடி3யிலும் இருப்பது ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படும் வேறு என்ஜின். மேலே சொன்ன இடைத்தண்டு பேரிங் சிக்கலோ லோகாசில் சுவரோ அதில் இல்லை. அதன் பலவீனம் கூலன்ட் குழாய்கள். அலுமினியக் கூடுகளில் செருகப்பட்ட குழாய் முனைகள் பசையால் மட்டுமே ஒட்டப்பட்டவை. வெப்பத்தில் பசை விட்டுப்போனால் குழாய் கழன்று, லிட்டர் கணக்கில் கூலன்ட் பின் டயர்களுக்கு அடியில் கொட்டும். வேகத்தில் செல்லும் கார் அப்போது என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. என்ஜின் கீழே இருக்கும்போது கூடுகளைக் கழற்றி, முனைகளைப் பற்றவைக்கவோ குறுக்கே ஊசியிட்டுப் பூட்டவோ வேண்டும். புதிய பசை போட்டு ஒட்டுவது அதே குறையைத் தள்ளிப்போடுவதே ஆகும். டர்போக்களுக்கான ஆயில் குழாய்களின் சீல்களையும் விட்டுவிடக் கூடாது.

எக்ஸாஸ்டும் வெற்று என்ஜின் அறையும்

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்டுகளை என்ஜின் காரில் இருக்கும்போது கழற்ற முயல்வதே பல முறிவுகளுக்குக் காரணம். இப்போது சுற்றிலும் இடம் இருப்பதால், சூடேற்றி, ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுமையாகக் கழற்றலாம். முறிந்தாலும், துளையிடும் வழிகாட்டியை நேராகப் பொருத்திச் சீராக எடுக்க முடியும். புதிய போல்டுகள் துருவேறி இறுகிவிடாமல் தடுக்கும் பசையைத் தடவ வேண்டும்.

காரின் பக்கம், என்ஜின் இருந்த வெற்றிடத்தையும் ஒருமுறை கண்ணோட்டமிட வேண்டும்: முன்புற ரேடியேட்டர்களுக்குச் செல்லும் குழாய்களின் முனைகள், எரிபொருள் குழாய்கள், பிரேக் குழாய்களில் துரு, வெப்பத்தில் உதிரும் காப்பு நுரை, டிரைவ் ஷாஃப்டுகளின் ரப்பர் பூட்டுகள், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். என்ஜின் தாங்கிகள் இரண்டையும், கியர்பாக்ஸ் தாங்கியையும் இப்போது மாற்றுவதற்குக் கூடுதல் கூலி இல்லை.

ஏற்றுதலும் முதல் ஸ்டார்ட்டும்

ஏற்றும் வரிசை இறக்கியதன் தலைகீழ் என்பதால் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். ஏற்றுவதற்கு முன், கிராங்க்ஷாஃப்டைப் பூட்டிய ஊசியை எடுத்தாயிற்றா என்று இருவர் பார்த்து உறுதிசெய்த பிறகு, கையால் இரண்டு முழுச் சுற்று சுழற்றி, மறுபடி உச்ச நிலையில் கேம்ஷாஃப்டுகளின் நிலையைச் சரிபார்க்க வேண்டும். ஏதாவது தடுத்தால் பலம் கொடுக்கக் கூடாது.

ஆயில் ஃபில்டர் கூட்டைப் புதிய ஆயிலால் நிரப்பி, கையேட்டின்படி 8 லிட்டருக்குச் சற்று மேல் ஊற்ற வேண்டும். எரிபொருள் பம்ப்பின் ரிலேயை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்த முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டுவிட்டுச் சுழற்ற வேண்டும். அதன் பிறகே ரிலேயைப் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். கூலன்ட் 20 லிட்டருக்கும் மேல், முன்னும் பின்னுமாகக் காரின் முழு நீளத்துக்கும் ஓடுவதால், வெறுமனே ஊற்றினால் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். வெற்றிடக் கருவியால் நிரப்புவதே உத்தமம். அது இல்லையெனில், தொட்டியின் காற்றுப்போக்கி வால்வைத் திறந்துவைத்து, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து, பலமுறை சூடாக்கிக் குளிரவிட்டு நிரப்ப வேண்டும்.

பின்னர் தொடக்கத்தில் எழுதிவைத்த எண்களை எடுத்து ஒப்பிட வேண்டும். கேம் விலகல் முன்பு இருந்த எண்ணிலிருந்து கணிசமாக மாறியிருந்தால், காரை வெளியே எடுக்காமல் டைமிங்கை மறுபடி சரிபார்க்க வேண்டும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை அதிக வேகம் தவிர்த்து ஓட்டி, அடிப்பக்கத்தைக் கசிவுக்காகப் பார்த்து, கூலன்ட் அளவைக் குளிர்ந்த நிலையில் நிரப்பிக்கொள்ள வேண்டும். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் முன்போலவே வெட்டி விரித்துப் பார்க்க வேண்டும்.